பாடசாலையும் கொசு முட்டையும்

நம் பிள்ளைகளுக்குப் படிப்பில் ஊக்கமில்லை என்னும் கூக்குரல் நாலா பக்கங்களிலும் எழுகின்றது. பெற்றோர் உபாத்தியாயரைக் குறை கூறுகின்றனர். உபாத்தியாயர் பெற்றோரைக் குறை கூறுகின்றனர். இருவரும் சேர்ந்து கைப்பேசியைக் குறை கூறி மனச் சமாதானம் அடைகின்றனர். 31 ஆண்டுகள் தமிழ்ப் பாடசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாமும் இக்கூக்குரலில் பல காலம் குரல் சேர்த்தவரே. ஊக்கமென்பது பிள்ளைகளிடம் முன்பே உள்ளதா, நாம் மருந்துபோல் வெளியிலிருந்து ஊட்ட வேண்டியதா என்ற கேள்விக்கு நமக்கு ஓரளவு பதில் தந்தவை 24 பால் டின்கள். அந்தச் சங்கதியையே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

முதலில் நமது குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் முறை. 2012-ம் ஆண்டில் ஓர் அறிவியற் கண்காட்சிக்கு நமது வகுப்பிலிருந்து ஒரு திட்டப்பணி போயிற்று. மழைநீரை வடிகட்டித் தெளிய வைக்கும் கருவி அது. கருவியை எண்ணியவர் நாம். அட்டையை வெட்டி ஒட்டியவர்கள் பெற்றோர். விளக்கத்தை எழுதியவரும் நாமே. பிள்ளைகள் செய்த வேலை, அவ்விளக்கத்தை நெட்டுருப் போட்டு நடுவர்கள் முன் ஒப்பித்தது ஒன்றேயாம். இரண்டாம் பரிசு கிடைத்தது. கேடயம் தலைமையாசிரியர் அறைக்குப் போயிற்று. கருவி தட்டுமுட்டுச் சாமான்களோடு மூலைக்குப் போயிற்று. மூன்று மாதம் கழித்து அதே பிள்ளைகளிடம், "மணலுக்கு அடியில் கரியை ஏன் போட்டோம்?" என்று கேட்டோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு பெண் மட்டும், "ஐயா, அன்றைக்குக் கொடுத்த நாசி லெமாக் நன்றாக இருந்தது," என்றாள். அக்குழந்தை ஒருத்தியே அன்று உண்மை பேசியவள். பரிசு பெற்றது நாம். பிள்ளைகள் பெற்றது சோற்றுப் பொட்டலம்.

காரியத்தை முன்னிறுத்திக் கற்பிக்கும் முறை புதிதன்று. ஜான் டூயி என்னும் அமெரிக்க அறிஞர் 1896-ல் சிக்காகோவில் ஒரு பரிசோதனைப் பாடசாலை திறந்து, சமையலையும் தச்சு வேலையையும் கொண்டு கணக்கும் விஞ்ஞானமும் போதித்தார். அவர் வழி வந்த கில்பாட்ரிக், திட்டமுறைக் கல்வியைப் பற்றி 1918-ல் எழுதிய கட்டுரை பல நாடுகளுக்கும் பரவிற்று. 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கூடிய மகாநாடு, கைத்தொழிலை நடுவில் வைத்த ஆதாரக் கல்வியை வகுத்தது. 1969-ல் கனடாவிலுள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து வைத்தியக் கல்லூரி, பாடம் முந்தி நோயாளி பிந்தி என்றிருந்த வரிசையைத் தலைகீழாக்கி, நோயாளியின் சிக்கலையே முதலில் மாணாக்கர் முன் வைத்தது. நமது அண்டையில், சிங்கப்பூரில் 2002-ல் தோன்றிய ரிப்பப்ளிக் பாலிடெக்னிக்கோ நாளுக்கொரு சிக்கல் என்ற ஏற்பாட்டோடு வகுப்பு நடத்தத் தொடங்கிற்று. இவற்றுள் சிலவற்றை நாம் பயிற்சிக் கல்லூரியில் படித்துப் பரீட்சையும் தேறினோம். ஆனால் ஒரு நாளில் ஒரு சிக்கலை அவிழ்ப்பதற்கும், ஓராண்டுக் காலம் ஒரே சிக்கலோடு குடித்தனம் செய்வதற்கும் உள்ள வேற்றுமையை நமக்கு எவரும் சொல்லவில்லை.

நாம் வேலை பார்த்தது கிள்ளானுக்குத் தெற்கே ஒரு செம்பனைத் தோட்டத்துப் பாடசாலை. மலாய் நாட்டில் 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டங்களில் பாடசாலை இருக்க வேண்டுமென்று விதித்தது. பாடசாலை இருக்க வேண்டுமென்றுதான் விதித்தது. அதில் பிள்ளைகள் கேள்வி கேட்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் பழக்கம், சட்டம் போட்ட துரைமார் போன பின்னரும் நம்மை விட்டுப் போகவில்லை.

2014-ம் ஆண்டில் இந்நாட்டில் டிங்கிக் காய்ச்சல் கண்டோர் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டிற்று. 2015-ல் அது இன்னும் ஏறிற்று. அவ்வாண்டு தைப்பூசம் முடிந்த மறுவாரம், நமது ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆஸ்பத்திரியிற் சேர்க்கப்பட்டாள். பிழைத்து வந்தாள், ஆயினும் பதினோரு நாள் அவள் இடம் காலியாகவே இருந்தது. அந்தக் காலி இடத்தைச் சுற்றிப் பிள்ளைகள் பேசிய பேச்சை நாம் ஒட்டுக் கேட்டோம். நேர்த்திக்கடனை முடிக்காததால் வந்த அம்மன் குற்றம் என்றான் ஒருவன். லொங்காங் நாறுகிறது, அதனால்தான் என்றாள் ஒருத்தி. கடைசி வரிசைப் பையனொருவன், எழுத்துக் கூட்டி வாசிக்கவே தடுமாறுபவன், நம்மிடம் நேரே வந்து, "ஐயா, போன வாரந்தானே புகை அடித்துவிட்டுப் போனார்கள்? இந்த வாரம் கொசு எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டான்.

நமக்குத் தெரியவில்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து பறந்து வந்திருக்கும் என்று சொல்லி வாயடைக்க நா நுனிவரை சொல் வந்துவிட்டது. ஏனோ அன்று அதை விழுங்கிவிட்டு, "தெரியவில்லையப்பா, கண்டுபிடிப்போமா?" என்றோம். உபாத்தியாயருக்குத் தெரியாத ஒன்று உலகத்தில் உண்டு என்ற செய்தி வகுப்பறையில் உண்டாக்கிய பரபரப்பை என்னவென்று சொல்வது! அது கேடயத்தினால் உண்டாகாத பரபரப்பு.

தலைமையாசிரியர் தயங்கினார். அடுத்த ஆண்டு இப்பிள்ளைகள் யூ.பி.எஸ்.ஆர். எழுத வேண்டியவர்கள், 2021-ல் கைவிடப்பட்ட அப்பரீட்சை அந்நாளில் பாடசாலைகளின் தலைக்குமேல் தொங்கிய கத்தியாக இருந்தது. முடிவில் வெள்ளிக்கிழமைகளில் கடைசி இரண்டு பாட நேரத்தை நமக்கு ஈந்தார். பதினெட்டுப் பிள்ளைகள் மூவர் மூவராய் ஆறு குழு. தோட்டத்திலோ ஆறு வரிசை லயம். குழுவுக்கு நான்கு பால் டின். டின்னுக்கு வெளியிலும் உள்ளிலும் கறுப்புச் சாயம் பூசிப் பாதியளவு தண்ணீர் ஊற்றி, சொரசொரப்பான ஒரு மரப்பட்டையைச் சாய்த்து வைத்தால், டிங்கிக் கொசு வந்து தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே அப்பட்டையில் முட்டையிடும். சுகாதார இலாகாவினர் கையாளும் உபாயமே இது. முட்டை மிளகுத் தூள் போலக் கறுத்திருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு எண்ணலாம். முட்டை பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகுமாதலால், திங்கட்கிழமை வைத்த டின்னை வெள்ளிக்கிழமை தவறாது எடுத்து, தண்ணீரை வெயில் காய்ந்த தரையில் கொட்டிவிட வேண்டும். மறந்தால் பொறியே கொசுப் பண்ணையாகிவிடும். இந்த விதியைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டினோம்.

முதல் இரண்டு மாதம் எவ்வளவு நன்றாகப் போயிற்றென்றால், நாமே ஒரு புதிய கல்விமுறையைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணிக் கொஞ்சம் தலை கனத்துத் திரிந்தோம். 24 டின்களில் 9-ல் முட்டை கண்டால் நூற்றுக்கு எத்தனை என்று கேட்டபோது, 37.5 என்ற விடைக்காகத் தசமக் கணக்கைப் பிள்ளைகள் தாமாகவே கேட்டுக் கற்றனர். நாறும் லொங்காங்கருகே வைத்த டின்களைவிட வீட்டு வாசற் பூச்சட்டியருகே வைத்த டின்களில் முட்டை மிகுதியாக இருந்தது. ஏப்ரலில் புகை மருந்து அடித்த வாரத்தில் முட்டை குறைந்தது. இரண்டு வாரங் கழித்துப் பழைய அளவுக்கே ஏறிற்று. அதைக் கொண்டு, புகை கொல்வது பறக்கும் கொசுவை மட்டுமே, தண்ணீரிலுள்ள புழுவும் கூட்டுப்புழுவும் அதற்குத் தப்பிவிடுகின்றன என்று பிள்ளைகள் கண்டனர். நாம் ஒரு புத்தகத்தைக் காட்டி அதை உறுதிப்படுத்தினோம். கேள்வி கேட்ட பையன் இரண்டு நாள் வகுப்பில் ராஜாவாக இருந்தான்.

பிறகு வந்தது ஜூலை மாதம்.

ஐந்தாம் வரிசைக் குழுவின் ஏட்டில் நான்கு வாரமாகச் சைபர், சைபர் என்றே இருந்தது. அவ்வரிசை சுத்தமாகிவிட்டதென்று நாம் மகிழ்ந்தோம். ஒருநாள் வேறொரு காரியமாக அப்பக்கம் போனபோது, ஒரு வீட்டின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னே நமது கறுப்பு டின்களில் ஒன்றைக் கண்டோம். எடுத்துப் பார்த்தால் புழுக்கள் நெளிகின்றன. கூட்டுப்புழு உரித்துப் போட்ட தோல்கள் மேலே மிதக்கின்றன. அந்த டின்னிலிருந்து கொசு பறந்தே போயிருந்தது. மூன்று பிள்ளைகளும் மாதக் கணக்கில் டின்னைத் தொடாமலே எண் எழுதி வந்திருக்கின்றனர். அழைத்துக் கேட்டோம். ஒரு பையன், "வாராவாரம் ஒரே வேலையாக இருக்கிறது, ஐயா," என்றான். மற்ற இருவரும் தலை குனிந்து நின்றனர்.

இதற்கு ஐந்தாறு நாள் கழித்து அதே வரிசையில் ஒரு பெரியவர் காய்ச்சலாய் ஆஸ்பத்திரி போனார். இரத்தப் பரிசோதனையில் டிங்கி என்று தெரிந்தது. நாம் அம்மூவரையும் பார்த்து, "பார்த்தீர்களா?" என்று ஒரே ஒரு சொல் சொன்னோம். அவரைக் கடித்த கொசு எந்த டின்னில் பிறந்தது, எந்தப் பூச்சட்டியில் பிறந்தது என்று கூறவல்ல பரிசோதனை எதுவும் இல்லையென்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னோம். அந்த வாரம் பதினெட்டுப் பிள்ளைகளும் உழைத்த உழைப்பை அதற்கு முன்னும் பின்னும் நாம் கண்டதில்லை. ஒரு டின் தப்பவில்லை. ஓர் எண் தவறவில்லை. பரிசோதகர் எவரேனும் அன்று வந்திருந்தால், பிள்ளைகளுக்கு ஊக்கமூட்டும் வித்தையை நம்மிடம் கேட்டு எழுதிக்கொண்டு போயிருப்பார்.

எட்டாம் நாள் காலை, அக்குழுவிலிருந்த பெண்ணின் தாயார் செம்பனைக் காட்டு வேலைக்குப் போகிற உடையோடு பாடசாலை வாசலில் நின்றார். "வாத்தியார் ஐயா, பிள்ளை ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து அழுகிறது. தாத்தா செத்துப்போவாரா என்று கேட்கிறது. நீங்கள் என்னதான் சொன்னீர்கள்?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. அந்தப் பெரியவர் அதற்குள் தேறி வீடு திரும்பியிருந்தார்; அதை அக்குழந்தையிடம் சொல்லவேண்டுமென்றுகூட நமக்குத் தோன்றவில்லை. பிரம்பை எடுப்பதில்லை என்று பெருமை பேசிய நாம், பிரம்பைவிடக் கொடிய ஒன்றால் அடித்திருந்தோம்.

அன்று வகுப்பில் நாம் நமது குற்றத்தைச் சொன்னோம். ஜூன் மாதத்திலிருந்து நாமே லயங்களைச் சுற்றிப் பார்ப்பதை விட்டுவிட்டோம் என்பதையும், எண்களை ஏட்டில் கண்டு திருப்தியடைந்தோம் என்பதையும் சொன்னோம். காய்ச்சலுக்கும் டின்னுக்கும் தொடர்பு உண்டென்று நிரூபணம் இல்லாமலே பேசியது தவறென்றும் சொன்னோம். பிள்ளைகள் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பிறகு, எதனால் சலிப்பு வந்தது என்று கேட்டோம். நாம் எதிர்பாராத விடை ஒன்று வந்தது: "புகை ஏன் பலிக்கவில்லை என்றுதான் மே மாதமே தெரிந்துவிட்டதே, ஐயா. பிறகு எதற்கு எண்ணுகிறோம்?"

இதைவிட நியாயமான வாதத்தை நாம் கேட்டதில்லை. அவர்களது கேள்வி மே மாதத்தில் செத்துவிட்டது. அதன் பிணத்தை நவம்பர்வரை சுமக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம். பத்து மாதத் திட்டம் என்று நாம் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்திருந்தோம். ஆகவே பத்து மாதம் நடக்க வேண்டும்! நெடுநாள் திட்டங்கள் நடுவில் சோர்ந்து விழுவதைப் பிள்ளைகளின் சோம்பல் என்று எழுதும் உபாத்தியாயர்களை நாம் அறிவோம். நாமும் அவ்வாறு ஓர் அறிக்கையில் எழுதியதுண்டு. கேள்வி உயிரோடிருக்கிறதா என்று நாடி பிடித்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

அடுத்த வெள்ளிக்கிழமை டின்களை விட்டுவிட்டு வாட்சன் துரையின் கதையைச் சொன்னோம். மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் 1901-ல் கிள்ளானுக்கு வந்தார். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் செக்கந்தராபாத்தில் கண்டு அப்போது நான்கு ஆண்டே ஆகியிருந்தது. கிள்ளானிலும், அவ்வாண்டே திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மக்கள் மலேரியாவால் வீழ்ந்தனர். வாட்சன் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, காட்டை வெட்டி வெளியாக்கினார், நோய் சரிந்தது. உலகம் மெச்சிற்று. ஆனால் அதே வைத்தியத்தை மலைப்பாங்கான தோட்டங்களிற் செய்தபோது நோய் குறையவில்லை. காடு வெட்ட வெட்டப் பெருகிற்று. சமவெளிச் சதுப்பில் வாழ்ந்த கொசு நிழலை விரும்பும் இனம்; மலையடிவாரத்துக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் பெருகும் வேறோர் இனம். காட்டை வெட்டியது அதற்கு வீடு கட்டிக் கொடுத்ததாயிற்று. பிறகே ஓடையைக் குழாய் பதித்து மண்ணுக்கடியில் செலுத்தவும், நீரின்மேல் எண்ணெய் தெளிக்கவும் வழி கண்டனர். அதுவரை அம்மலைத் தோட்டங்களில் மடிந்தவர்களில் பெரும் பகுதியினர் நம்முடைய மக்கள், கப்பலேறி வந்த தமிழ்க் கூலிகள். அவர்களிற் பலருக்குக் கல்லறைகூட இல்லை.

வகுப்பு சற்று நேரம் அமைதியாயிருந்தது. "பெரிய டாக்டருக்கே தப்பாகிவிட்டதா?" என்று ஒருவன் கேட்டான். "எத்தனை வருஷம் கழித்துக் கண்டுபிடித்தார்?" என்று மற்றொருவன் கேட்டான். அதன்பின் அவர்கள் எழுப்பிய கேள்விகள் நமதல்ல. கறுப்பு டின்னிலும் வெள்ளை டின்னிலும் ஒரே அளவு முட்டை இருக்குமா என்றது ஒரு குழு. பாடசாலையில் கொசு இல்லையென்று யார் சொன்னது என்று கேட்டது இன்னொரு குழு. நமது பாடசாலைக் கழிவறையில் உடைந்து கிடந்த தொட்டியைத் திறந்து காட்டி நம்மைத் தலை குனியச் செய்தது. கடைசி வரிசைப் பையனுக்கு மறுபடியும் ஒரு சந்தேகம்: மழையே இல்லாமல் எல்லாம் காய்ந்து கிடந்தபின், முதல் மழை பெய்த ஒரு வாரத்தில் கொசு எப்படி வருகிறது? இம்முறை நாம் அவசரப்பட்டுப் புத்தகத்தைத் தேடவில்லை.

ஐந்தாம் வரிசைக் குழு கோயிற் புறத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது. கோயிலுக்குப் பின்னே, திருவிழாக்களில் உடைத்த தேங்காய்களின் சிரட்டைகள் குவியலாய்க் கிடந்தன, ஒவ்வொன்றிலும் மழைநீர். இராத்திரியில் அழுத அதே பெண், சிரட்டை ஒன்றிலிருந்த நீரைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்துக்கொண்டு கோயில் தலைவரிடம் போனாள். நாம் தூரத்தில் நின்றோம். நமக்குக் கோயில்களிடம் உள்ள கருத்து வேற்றுமையைத் தலைவர் நன்கு அறிவார். நாம் போயிருந்தால் காரியம் கெட்டிருக்கும். "தாத்தா, இதைக் கொஞ்சம் பாருங்கள்," என்றாள். "என்னம்மா, தீர்த்தமா?" என்று அவர் சிரித்தார். உருப்பெருக்கிக் கண்ணாடியை அவர் கையில் கொடுத்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார். "இது சாமி குற்றமென்று சொல்லித்தானே போன மாதம் அபிஷேகம் பண்ணினோம்," என்று தமக்குள்ளே சொல்லிக்கொண்டார். "சிரட்டையைக் கவிழ்த்துப் போட்டால் போதும், தாத்தா, சாமிக்கு ஒன்றும் இல்லை," என்றாள் அவள். பத்து வயதுப் பிள்ளையின் இந்த ஒரு வாக்கியம் செய்த வேலையை, நாம் முப்பது ஆண்டுகளாக மேடைகளில் பேசிய பேச்சுகள் செய்யவில்லை. மறுநாளே குவியல் அகற்றப்பட்டது. கோயில் தலைவர் எல்லாவற்றிலும் மனம் மாறிவிட்டார் என்று அன்பர்கள் எண்ண வேண்டாம். சிரட்டை விஷயத்தில் மாறினார்.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சுமத்ராவின் காட்டுத் தீயினால் எழுந்த புகைமூட்டம் இந்நாட்டைச் சூழ்ந்தது. பல நாட்கள் பாடசாலைகள் அடைக்கப்பட்டன. டின்களை எல்லாம் எடுத்துக் கவிழ்த்துவிட்டோம். வேலை நின்றது. மேலதிகாரி ஒருவர் வந்து, புகைப்படங்கள் எங்கே, அறிக்கைக்கு முன்னுரை எங்கே, போட்டிக்கு அனுப்பும் எண்ணமுண்டா என்று கேட்டார். போட்டிக்கு அனுப்பவில்லை என்றோம். பின் எதற்காக இதைச் செய்தீர்கள் என்றார். ஆண்டு முடிவில் பரீட்சை மதிப்பெண் ஏறியதா என்றும் கேட்டார். சிலருக்கு ஏறிற்று, சிலருக்கு ஏறவில்லை. தோட்டத்தில் டிங்கி ஒழிந்துவிடவும் இல்லை. 2016-லும் இருவருக்குக் கண்டது.

தீபாவளி கழிந்து, பாடசாலை ஆண்டு முடிய ஒரு வாரம் இருக்கையில் வகுப்பலமாரியைத் துப்புரவு செய்தோம். ஆகஸ்டு மாதத்து மரப்பட்டைகள் சில, தேதி எழுதிய காகிதத்தில் சுற்றியபடி உள்ளே கிடந்தன, காய்ந்து சுக்காகிவிட்டிருந்தன. எறிந்துவிடச் சொன்னோம். கடைசி வரிசைப் பையன் ஒன்றை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதை நாம் பார்க்கவில்லை. மறுநாட் காலை மணியடிக்கும் முன்பே, மூடியிட்ட ஜாம் புட்டி ஒன்றை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு ஓடிவந்தான். நூலிழையினும் சிறிய புழுக்கள் பத்துப் பன்னிரண்டு அதனுள் நெளிந்தன. "ஐயா, மூன்று மாதம்! தண்ணீரே இல்லாமல் மூன்று மாதம் உயிரோடு இருந்திருக்கிறது!" என்று மூச்சிரைக்கக் கத்தினான். காய்ந்த முட்டை பல மாதம் உயிர் தாங்கும் என்பது விஞ்ஞானிகள் என்றோ எழுதி வைத்த செய்திதான். அவன் அதைப் படிக்கவில்லை, கண்டான்.

பதினெட்டுப் பேரும் புட்டியைச் சுற்றிக் கூடினர். வெந்நீர் ஊற்றிக் கொன்றுவிட வேண்டுமென்பது நமது விதி. கெண்டியில் நீர் கொதித்துக்கொண்டிருந்தது. பையன் புட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, "நாளைக்கு ஊற்றலாமா, ஐயா? எத்தனையாம் நாளில் கூட்டுப்புழு ஆகிறதென்று இன்னும் நாம் எழுதவில்லையே," என்றான்.

மூடியை இறுக்கமாக மூடியிருக்கிறதா என்று இருமுறை பார்த்துவிட்டு, நாம் கெண்டியை இறக்கி வைத்தோம்.